கும்மிடிப்பூண்டியில் ஒரு மன்றாட்டு

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் ரயில் கிடையாது. போகாதவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே மாவட்டம்தான், ஒரே கலெக்டர்தான். ஆனாலும் சென்னை வரைக்கும் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, பாலத்தில் ஏறி இறங்கி, வேறு வண்டி பிடிக்க வேண்டும். பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியாகப் பஸ்ஸிலும் போகலாம். பஸ்ஸில் என் மனைவிக்குத் தலை சுற்றும். அதனால் ரயில். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கிளம்பினோம். என் ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பெரிய எவர்சில்வர் டப்பா. டப்பா நிறைய முறுக்கு. மற்ற வீடுகளில் முறுக்கு சுட்டால் பண்டிகை என்று அர்த்தம். என் வீட்டில் சுட்டால், என் மனைவி ஆரோக்கியமேரி யாரிடமோ போய் எதையோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

இதற்குக் காரணம் கும்மிடிப்பூண்டி சர்ச்சின் பங்குத்தந்தைதான். அவளுடைய தம்பி ஸ்டீபன் அங்கே கம்பெனியில் வேலை செய்கிறான். போன வருடம் அவன் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஃபாதர் தலையில் தைலம் பூசும்போது, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் பணியில் இந்தக் குழந்தைக்கும் பங்கு உண்டு என்று சொன்னார். எல்லா ஞானஸ்நானத்திலும் சொல்வதுதான். யாரும் காதில் வாங்குவதில்லை. மேரி வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தலில் ஃபாதரை மடக்கினாள்.

"ஃபாதர், அப்போ நானும் இறைவாக்கினரா?"

"ஆமாம்மா. ஞானஸ்நானம் வாங்கின எல்லாருந்தான்."

"அதுக்கு இன்னா வேலை ஃபாதர்? நடக்கப் போறத சொல்லணுமா?"

"அதில்லம்மா. நடந்துக்கினு இருக்கறத சொல்லணும். பயப்படாம சொல்லணும், அன்போட சொல்லணும்."

சொல்லிவிட்டு அவர் பிரியாணிக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் வேலைக்காரப் பெண்ணை நாள் முழுக்க நிற்க வைப்பதை மேரி அவரிடமே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி மாமியாருக்குப் பழைய சோறு போடுவதை அவளிடமே சொன்னாள். அன்போடு சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் ஒவ்வொரு தடவையும் முறுக்கு. சொல்வது அவள். டப்பாவைத் தூக்குவது நான். முறைப்பு மட்டும் எப்படியோ என் பக்கம் வந்துவிடும்.

நானோ திருவள்ளூர் கோர்ட்டு பக்கம் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைப்பவன். பத்தாவது வரைக்கும் படிப்பு. அளவு எடுக்கும்போது, "கையைத் தூக்குங்க சார்" என்று சொல்லக் கூச்சப்பட்டு என் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவர்களும் தூக்குவார்கள். இப்படித்தான் இருபது வருடத்துக்கு மேல் தொழில் நடக்கிறது. எனக்கு வாய்த்த மனைவி இப்படி.

பேசின் பிரிட்ஜில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கும்மிடிப்பூண்டி வண்டி வந்தபோது உட்கார இடம் இல்லை. எண்ணூர் தாண்டும் வரை டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். வலது பக்கம் புகைபோக்கிகள். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் கரி. மீஞ்சூரில் கூட்டம் கொஞ்சம் இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த பழவேற்காட்டுப் பாய் ஒருவர், "எங்க போறீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் மேரியிடமிருந்து வந்தது.

"தம்பிக்கு ரெண்டு விரல் போய்டுச்சு பாய். பைக்லேர்ந்து உழுந்துட்டேன்னு சொல்றான். எனக்கு நம்பிக்கை இல்ல."

"கம்பெனில வேலையா?"

"ஆமா."

பாய் தலையை ஆட்டினார். "அப்போ உட்டுடும்மா. தோண்டினா பேஜாரு."

நல்ல மனிதர், நல்ல யோசனை. பொன்னேரியில் அவர் இறங்கியபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முதலில் வருவது தூசி. பிறகு லாரி. கல்கத்தா ரோட்டில் எளாவூர் செக்போஸ்ட் பக்கம் போகிற லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி நிற்கின்றன. காற்றில் சூடான இரும்பு வாசனை. நாக்கில் ஒரு ரூபாய்க் காசை வைத்தது போல இருக்கும். ஸ்டீபன் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால், மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"மூணு கிலோமீட்டருக்கா?" என்றாள் மேரி.

"ரோட்டைப் பாருக்கா. இதுல போனா வண்டிக்கும் எலும்பு ஒடியும், எனக்கும் ஒடியும். இன்னா நைனா, நீயே சொல்லு!"

நைனா என்றது என்னை. நான் நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டீபன் இருப்பது வரிசை வீடு. ஒரே சுவரில் எட்டு ரூம், மேலே சிமெண்ட் ஷீட்டு. முப்பது வயதுப் பையன் அவன் அப்பாவுடைய வயதான முகத்தோடு உட்கார்ந்திருந்தான். வலது கையில் கட்டு. மேரி அவன் தலையைத் தடவினாள், அழுதாள், முகத்தைத் துடைத்தாள். பிறகு ஆஸ்பத்திரி டாக்டர்கூடப் பார்த்திராதபடி முழங்கை, முழங்கால், தாடை எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தாள்.

"பைக்லேர்ந்து உழுந்தவனுக்கு முட்டில ஒரு கீறல்கூட இல்லியாடா?"

"அக்கா, சும்மா இரு."

"மாமா முன்னாடி சொல்லு. எங்க போச்சு வெரலு?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்குக் காப்பாற்றத் தெரியவில்லை. அவன் மனைவி லில்லி குழந்தையைத் தூக்கியபடி வாசலுக்குப் போய் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் சொன்னான்.

பிரஸ்ஸில்தான் போனது. தகட்டை வைத்தால் மேலிருந்து அமுக்கி உருவம் எடுக்கும் மெஷின். கை உள்ளே இருந்தால் தானாக நின்றுவிட அதில் ஒரு சென்சார் உண்டு. அடிக்கடி நின்றால் உருப்படி குறைகிறது என்று சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டார்கள். விரல் போனதும் புரொடக்‌ஷன் மேனேஜர் அந்தோணி சார்தான் அவனைத் தன் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியிலேயே, "பைக்லேர்ந்து விழுந்தேன்னு சொல்லுப்பா. கம்பெனிக்குப் பிரச்சனை வராது. உன்னை ஸ்டோர்ல ஒக்கார வெச்சிடறேன்" என்றாராம்.

"சரி, இப்ப அந்த மெஷினு?" என்றாள் மேரி.

"ஓடுது."

"சென்சாரு?"

ஸ்டீபன் இல்லை என்று தலையை ஆட்டினான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்த்தார். ரஞ்சன் என்று பெயர், ஒடிசாக்காரர். குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, "அக்கா, சாப்டாச்சா?" என்று மேரியைக் கேட்டுவிட்டு, யூனிபார்மைக் கொடியில் காயப்போடப் போனார். ஸ்டீபனுடைய இடத்தில் இப்போது நைட் ஷிப்ட்டில் நிற்பவர் அவர்தான் என்று லில்லி மெதுவாகச் சொன்னாள்.

டப்பா யாருக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அந்தோணி சார் வீட்டுக்குப் போனோம். பைபாஸ் பக்கம் புதுக் காலனி, வாசலில் மாதா படம் பதித்த டைல்ஸ். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் துணைத் தலைவரும்கூட அவர். காலிங் பெல்லை என்னை அழுத்தச் சொன்னாள். இப்படிப்பட்ட வேலைகளை எனக்கு மிச்சம் வைப்பது அவள் வழக்கம்.

அவர் நன்றாகத்தான் வரவேற்றார். காபி வந்தது. மேரி டப்பாவைத் திறந்து நீட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

"சார், தம்பி வெரலு பிரஸ்ல போச்சுன்னு தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவன் முட்டி சொல்லிச்சு சார்."

அவர் முறுக்கைக் கீழே வைத்தார். "அம்மா, ரெண்டு நாளு ஆஸ்பத்திரில அவன் பக்கத்துல நான்தான் உக்காந்துக்கினு இருந்தேன். கூடப் பொறந்தவன் மாதிரி பாத்துக்கினேன்."

"தெரியும் சார். அதுக்குத் தெனம் உங்களுக்காக வேண்டிக்கிறேன். நான் சண்டைக்கு வர்ல. சென்சாரை மாட்டிட்டு ஓட்டுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ராத்திரி ரஞ்சன் நிக்கறாரு."

"மாசக் கடைசிம்மா. ஆர்டர் கீது. இப்ப நிறுத்தினா முதலாளி என்னை நிறுத்திடுவாரு. அடுத்த மாசம் பாக்கலாம்."

"வெரலு அடுத்த மாசம் வரைக்கும் இருக்கணுமே சார்."

அவர் என் பக்கம் திரும்பி, "திருவள்ளூர்ல மழை உண்டா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை. டப்பா காலியாகத் திரும்பி வந்தது. இதற்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வரவேண்டுமா என்று வழியெல்லாம் பொருமினேன். மனதுக்குள்தான்.

ஞாயிறு காலை. அந்த ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊரிலும் உண்டு. கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து அன்பியம் என்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அன்பியத்துக்கு முறை. அந்த அன்பியத்திலிருந்து நாலு பேர் பீடத்துக்குப் பக்கத்தில் போய் ஆளுக்கொரு மன்றாட்டு வாசிக்க வேண்டும். ஃபாதர் முன்னாடியே எழுதிக் கொடுத்துவிடுவார். வாசித்து முடித்ததும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கச் சொல்லும். அன்று லில்லியின் அன்பியத்தின் முறை. மூன்றாவது மன்றாட்டு லில்லிக்கு. நல்ல மழை வேண்டி.

லில்லிக்கு மைக் என்றால் நடுக்கம். "அண்ணி, நீங்க வாசிக்கிறீங்களா?" என்று காகிதத்தை நீட்டினாள். இந்தப் பெண்ணுக்கு மேரியைப் பற்றி இன்னும் தெரியவில்லையா, அல்லது நன்றாகத் தெரிந்துதான் கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் மன்றாட்டு திருச்சபைக்காக, இரண்டாவது நாட்டுத் தலைவர்களுக்காக. மூன்றாவதற்கு மேரி மைக் முன்னால் போய் நின்றாள். காகிதத்தை மடித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"ஆண்டவரே, எங்க தம்பி ஸ்டீபன் வெரலு பைக்ல போகல, பிரஸ்ல போச்சு. பயந்து பொய் சொல்லிட்டான், அவனை மன்னியும். அந்த பிரஸ் சென்சார் இல்லாம இன்னும் ஓடுது. இன்னிக்கி ராத்திரியும் ஒருத்தர் அங்க நிப்பாரு. அவரு நம்ம ஊர் இல்ல, நம்ம கோயில் இல்ல. அவருக்கும் பத்து வெரல்தான். எங்க அந்தோணி சாரு நல்லவரு. தம்பி பக்கத்துல தூங்காம உக்காந்தவரு. அதை நிறுத்த அவருக்கு தைரியம் குடும். அதனால அவருக்கு ஒரு கஷ்டம் வந்தா, அவரைத் தனியா உட்டுடாம இருக்க எங்களுக்கும் தைரியம் குடும் என்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. மழைக்கு வாசித்திருந்தாலும் இப்படித்தான் வாசித்திருப்பாள்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். கோயில் முழுக்க ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பழக்கம். "மன்றாடுகிறோம்" என்று காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துவிடும். நானும் சொன்னேன். முன்வரிசையில் அந்தோணி சாரும் சொன்னார். அவர் குரல் "மன்றாட்டை" வரைக்கும் வந்து நின்றுவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் தாங்கள் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாலாவதாகப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்காக வாசிக்க வந்த பெண் தன் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், ஒரே இரைச்சல். வேப்பமரத்தடியில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "மழைக்குன்னு நெனச்சிக்கினு சொல்ட்டேன்பா. அதெல்லாம் செல்லாது."

ஃபாதர் மேரியைக் கூப்பிட்டார். "அம்மா, எழுதிக் குடுத்ததத்தான் வாசிக்கணும்."

"நடக்கறத சொல்லணும்னு நீங்கதான ஃபாதர் சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

"பிரியாணி அன்னிக்கி."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தோணி சார் யாரையும் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஸ்டீபன் வெடித்தான். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேக்கா! நீ வண்டி ஏறிப் போய்டுவ. நான் இங்க கீறேன். நாளைக்கி கேட்டாண்ட போனா உள்ள உடுவானா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. லில்லி போட்ட சாப்பாட்டை மேரி பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளைத் திட்ட நானும் நேற்றிலிருந்து எத்தனையோ வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மாலையில் ஸ்டேஷனுக்கு வந்தோம். ஸ்டீபன் பேசாவிட்டாலும் இடது கையால் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வழியனுப்ப வந்தான். வண்டி தாமதம். எவ்வளவு தாமதம் என்று சொல்ல ஆள் இல்லை. பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சு, பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்து இப்போது எங்கள் மேல் கக்கியது. எங்கள் ஊர்க் கோயிலை நினைத்துக்கொண்டேன். அங்கே நான் கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே நிற்பேன். ஆசீர்வாதம் முடிவதற்குள் செருப்பு என் காலில் இருக்கும். இத்தனை வருடத்தில் ஃபாதருக்கு என் பெயர் தெரியாது. அது எவ்வளவு நல்ல ஊர்!

அப்போது படிக்கட்டில் அந்தோணி சார் இறங்கி வந்தார். மேரி எழுந்து நின்றாள். ஸ்டீபன் பையைக் கீழே வைத்தான். அவர் மேரியைத் தாண்டி வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரஸ்ஸை நிறுத்திட்டேன்" என்றார். "மத்தியானமே போய் நிறுத்திட்டு வந்தேன். சென்சார் மாட்டினாத்தான் ஓடும்னு எழுதிக் கையெழுத்து போட்டுட்டேன்."

"ரஞ்சன் ராத்திரி இன்னா பண்ணுவாரு சார்?" காலையிலிருந்து ஸ்டீபன் கோபமில்லாமல் பேசியது அப்போதுதான்.

"பேக்கிங்ல போட்டுருக்கேன்." பிறகு என்னிடம், "முதலாளி போன்ல கத்தினாரு. நாளைக்கி நுங்கம்பாக்கம் ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாரு. ஸ்டீபன் விஷயத்தையும் நான்தான் சொல்லியாவணும். தனியாப் போக..." என்று நிறுத்திக்கொண்டார்.

"நான் வரேன் சார்" என்றாள் மேரி.

"நீங்க வோணாம்மா. நீங்க வந்தா என்னைப் பேசவே உடமாட்டீங்க." அவர் சிரிக்கவில்லை. "சாரு வரட்டும். ஒண்ணும் பேச வோணாம். பக்கத்துல ஒக்காந்தா போதும்."

சாரு என்றது என்னை. நாளை இரண்டு வக்கீல்களுக்குக் கோட்டு கொடுக்க வேண்டும். பட்டன் கட்டவில்லை. ஏ.சி. ரூமில் சோபாவில் உட்கார்ந்து, காபி வந்தால் எடுப்பதா வேண்டாமா என்று முழித்து, யாரென்று கேட்டால் என்ன சொல்வது? கோயிலில் அத்தனை பேர் இருந்தார்களே, எனக்கு மட்டும் ஏன்? இதையெல்லாம் நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

"மத்தியானத்துலேர்ந்து நெறைய பேரக் கேட்டுட்டேன் சார்" என்றார். "எல்லாரும் மழைக்குன்னு நெனச்சி பதில் சொன்னாங்களாம். நீங்க எதுக்குன்னு நெனச்சி சொன்னீங்க?"

தூரத்தில் வண்டி விளக்கு தெரிந்தது. மேரி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவள் மேல் பழியைப் போட்டுத் தப்பியிருப்பேன். காகிதத்தை அவள் மடித்தபோதே மழை இல்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

வண்டி வந்து நின்றது. ஸ்டீபன் பையை உள்ளே வைத்தான். மேரி ஏறினாள். நான் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டேன்.